கை உடைஞ்சா உடம்பு பூராவுக்கும் எதுக்குங்க ரெஸ்ட்?

1/
கையில மாவுக்கட்டு போட்ட அன்னிக்கு சாயங்காலமே வீட்டுல ஒரு சட்டம் அமலுக்கு வந்துடுது. "அசையாத. படு. மூணு மாசத்துக்கு எதையும் தொடாத. வாக்கிங்கா? அதெல்லாம் கட்டு பிரிச்சப்புறம் பாத்துக்கலாம்."
இந்தச் சட்டத்தை எழுதினது யாருன்னு தெரியாது. ஆனா மாமியார், சித்தப்பா, எதிர்வீட்டு அண்ணன், வாட்ஸப் குரூப்னு எல்லாரும் அமல்படுத்துவாங்க.
இந்த இழை அந்தச் சட்டத்துக்கு எதிரானது. கொஞ்சம் நீளம்தான். வீட்டுல யாருக்காவது கையில கட்டு இருந்தா முழுசா படிச்சிடுங்க.

2/
என்னோட கருத்தை முதல்லயே சொல்லிடறேன்.
உடைஞ்ச எலும்புக்கு ஓய்வு தேவை. அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா உடைஞ்சது மணிக்கட்டுன்னா, தொடைக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் இன்னொரு கைக்கும் ஓய்வு கொடுக்க எந்த மருத்துவக் காரணமும் இல்லை. கொடுத்தா நஷ்டம்தான். அந்த நஷ்டம் பல பேருக்கு உடைஞ்ச கையைவிடப் பெருசா முடியுது.

3/
"அவ்ளோ பெரிய நஷ்டமா டாக்டர்? நாலு வாரம் படுத்தா என்ன ஆயிடும்?"
நெதர்லாந்துல ஆரோக்கியமான இளைஞர்களோட ஒரு காலுக்கு முழு மாவுக்கட்டு போட்டு அளந்து பார்த்தாங்க. 5 நாள்ல தொடைத் தசை சுமார் 3.5 சதவீதம் குறைஞ்சது, பலம் 9 சதவீதம் போச்சு. 14 நாள்ல தசை 8 சதவீதம், பலம் ஏறக்குறைய 23 சதவீதம் காலி.
நல்லா கவனிங்க. தசை சுருங்கறதைவிட பலம் வேகமா போகுது. கண்ணாடியில வித்தியாசம் தெரியறதுக்கு முன்னாடியே படி ஏற மூச்சு வாங்கும்.

4/
இளைஞர்களுக்கே இந்த நிலைமை. பெரியவங்களுக்கு?
2007ல வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு. சராசரி வயசு 67, எல்லாரும் ஆரோக்கியமானவங்க. 10 நாள் படுக்கையில இருக்க வெச்சாங்க. ரெண்டு கால்லயும் சேர்த்து ஏறக்குறைய 1 கிலோ தசை போயிடுச்சு. பத்தே நாள்ல!
நம்ம வீட்டுல "மூணு மாசம் படு"ன்னு சொல்றோம். சாதாரண நாள்லயே இவங்க பலம் வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டுதான் வருது. படுத்து இழந்ததை அறுபது எழுபது வயசுல திரும்பச் சம்பாதிக்கறது லேசுப்பட்ட காரியம் இல்லை.

5/
இப்போ யாருக்கு மணிக்கட்டு அதிகமா உடையுதுன்னு பாருங்க.
பைக்ல விழற பசங்க ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம், மாதவிடாய் நின்ன பெண்கள். பாத்ரூம்ல வழுக்கி, வாசப்படியில தடுக்கி, கையை ஊன்றி விழுவாங்க. மணிக்கட்டு பின்பக்கமா வளைஞ்சு முள்கரண்டி மாதிரி ஆயிடும். இதை டப்ளின் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் காலீஸ் 1814லயே எழுதி வெச்சிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கறதுக்கு 81 வருஷம் முன்னாடி. இன்னிக்கும் அதுக்கு காலீஸ் முறிவுன்னுதான் பேர்.

6/
நின்ன இடத்துல இருந்து விழுந்து எலும்பு உடையுதுன்னா, அந்த எலும்பு ஏற்கெனவே பலவீனம்னு அர்த்தம். அப்படி ஒரு தடவை உடைஞ்சவங்களுக்கு அடுத்த எலும்பு உடையற வாய்ப்பு மத்தவங்களைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு.
அடுத்தது எது? இடுப்பு எலும்பு. உலக அளவுல, வயசானவங்களுக்கு இடுப்பு உடைஞ்சா ஒரு வருஷத்துக்குள்ள ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் இறந்துடறாங்க. பிழைக்கறவங்கள்ல பல பேர் பழையபடி நடக்கறதில்லை.

7/
இப்போ கணக்கைப் போடுங்க.
அம்மா விழுந்தாங்க. ஏன் விழுந்தாங்க? கால்ல பலம் குறைவு, நிலை தடுமாறுச்சு, பிடிச்சு நிக்க முடியலை. கை உடைஞ்சது அதோட விளைவு.
நாம என்ன பண்றோம்? கைக்குக் கட்டு போட்டு, காலைப் படுக்க வெச்சு இன்னும் பலவீனமாக்கறோம். ஆறு வாரம் கழிச்சு கட்டு பிரிச்சு, "சரியாப் போச்சு, இனி ஜாக்கிரதையா நட"ன்னு அதே வழுக்கற பாத்ரூமுக்கு அனுப்பறோம். அதுவும் முன்னைவிட வலுவில்லாத கால்களோட.
இதுக்குப் பேர் ஓய்வு இல்லைங்க. அடுத்த விழுக்காட்டுக்கு நாமளே பண்ற ஏற்பாடு.

8/
எங்க ஆளுங்களையும் விட மாட்டேன்.
ஓபி சீட்டுல எலும்பு பேரு, மாத்திரை, "ரெஸ்ட்", "6 வாரம் கழித்து வரவும்". முடிஞ்சது. எந்த உறுப்புக்கு ரெஸ்ட்? எவ்ளோ நாள்? எதை அசைக்கணும்? ஒரு வரி கிடையாது. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல நோயாளிகள் வர்ற ஓபியில நேரம் இல்லைங்கறது உண்மைதான். ஆனா "மணிக்கட்டுக்கு மட்டும் ஓய்வு, விரல், முழங்கை, தோள் அசைக்கவும், நடக்கவும்"னு எழுத பத்து விநாடி ஆகுமா? அந்த பத்து விநாடியை மிச்சம் பண்ணி நோயாளிக்கு பத்து மாசம் கஷ்டம் கொடுக்கறோம்.

9/
அந்த "ரெஸ்ட்"ங்கற ஒத்தை வார்த்தை வீட்டுக்குப் போனதும் என்ன ஆகுது தெரியுமா?
கையைத் தொட்டில் கட்டி நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கறாங்க. விரலைக்கூட மடக்கறதில்லை. கட்டு பிரிக்கற அன்னிக்கு எலும்பு அழகா கூடியிருக்கும். ஆனா விரல் மடங்காது. தோள் மேல வராது. தலை சீவ முடியாது, சோறு பிசைய முடியாது.
உடைஞ்சது மணிக்கட்டு. இறுகிப் போனது தோளும் விரலும். அதாவது உடையாத இடம். எலும்பு கூட ஆறு வாரம், இறுக்கம் விட ஆறு மாசம்.

10/
"ரெஸ்ட்" விஷயத்துல இன்னொரு வேடிக்கையும் இருக்கு.
ஆணுக்குக் கை உடைஞ்சா டிவி முன்னாடி ராஜ உபசாரம். பெண்ணுக்குக் கை உடைஞ்சா? அதே கட்டோட பாத்திரம், அதே கட்டோட துணி. கட்டு நனைஞ்சு நைஞ்சு போய் வருவாங்க. "யாரு செய்வாங்க சார்?"னு கேப்பாங்க.
இவங்ககிட்ட "உடற்பயிற்சி பண்ணுங்க"ன்னா, "வீட்டு வேலையே பயிற்சிதானே"ன்னு பக்கத்துல நிக்கற வீட்டுக்காரர் பதில் சொல்வார். இல்லைங்க ஐயா. வீட்டு வேலை களைப்பைத் தரும். தசைக்குப் படிப்படியா சுமை ஏத்தற வேலையை அது செய்யாது. அவங்களுக்குத் தேவை பாத்திரத்துல இருந்து விடுதலை, கூடவே தினம் இருபது நிமிஷம் முறையான பயிற்சி. ரெண்டுக்கும் ஏற்பாடு பண்ண வேண்டியது நீங்கதான்.

11/
சரி, பலப் பயிற்சின்னா என்ன?
ஜிம், டம்பெல், புரோட்டீன் டப்பான்னு நினைக்காதீங்க. ஒரு தசை சாதாரணமா செய்யறதைவிட கொஞ்சம் கூடுதலா வேலை வாங்கறது. அவ்ளோதான். நாற்காலியில இருந்து கை ஊன்றாம எழுந்திருக்கறது அறுபது வயசு அம்மாவுக்குப் பலப் பயிற்சி. இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு அது வார்ம் அப்.
பெரியவங்க எல்லாரும் வாரத்துல குறைஞ்சது 2 நாள் தசைப் பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 65 வயசுக்கு மேல இருந்தா நிலைதடுமாறாம இருக்கறதுக்கான பயிற்சியும் சேர்த்து வாரம் 3 நாள். "கையில கட்டு இருக்கறவங்களுக்கு விலக்கு"ன்னு அதுல எங்கயும் இல்லை.

12/
இப்போ இந்த இழையிலயே சுவாரசியமான விஷயத்துக்கு வர்றேன்.
நல்லா இருக்கற கைக்குப் பயிற்சி கொடுத்தா, கட்டுல இருக்கற கைக்கும் பலன் போகும்.
சிரிக்காதீங்க. 1894ல அமெரிக்காவோட யேல் பல்கலைக்கழகத்துல ஸ்கிரிப்சர்ங்கற உளவியல் ஆய்வாளரும் அவரோட குழுவும் கவனிச்சது இது. ஒரு கையை மட்டும் பழக்கினாங்க. பழக்காத கையோட பலமும் கூடுச்சு. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல இதைத் திரும்பத் திரும்ப சோதிச்சுட்டாங்க. ஒரு பக்கம் மட்டும் பயிற்சி செஞ்சா, செய்யாத பக்கத்துக்கும் சராசரியா 8 முதல் 12 சதவீதம் பலம் கூடுது.

13/
எப்படி? தசை தாண்டிப் போறதில்லை. ரத்தமும் தாண்டிப் போறதில்லை. மூளைதான் காரணம்.
பலம்ங்கறது தசையோட பருமன் மட்டும் இல்லை. எத்தனை தசைநார்களை ஒரே நேரத்துல வேலைக்குக் கூப்பிடணும், எவ்ளோ வேகமா கூப்பிடணும்னு மூளையும் தண்டுவடமும் கத்துக்கற வித்தையும் அதுல அடக்கம். வலது கைக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்கும்போது, இடது கையை ஆளற மூளைப் பகுதியும் கூடவே உக்காந்து பாடம் கேக்குது.
கட்டுக்குள்ள இருக்கற கைக்கு மூளையோட தொடர்பு அறுந்துடாம பாத்துக்கற வேலை இது.

14/
"ஆரோக்கியமானவங்ககிட்ட சரி, உண்மையா எலும்பு உடைஞ்சவங்களுக்கு?"
நியாயமான கேள்வி. கனடாவுல 50 வயசுக்கு மேற்பட்ட, மணிக்கட்டு உடைஞ்ச 39 பெண்கள்கிட்ட சோதிச்சு 2013ல வெளியிட்டாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோட, உடையாத கையால பிடி இறுக்கற பயிற்சி.
12வது வாரம், உடைஞ்ச கையோட பிடி பலம்: பயிற்சி செஞ்சவங்களுக்கு சராசரி 17.3 கிலோ. செய்யாதவங்களுக்கு 11.8 கிலோ. மணிக்கட்டு மடங்கி விரியற அளவும் பயிற்சி செஞ்சவங்களுக்குத்தான் கூடுதல்.

15/
முழுசா சொல்லணும்ல? 26வது வாரத்துல ரெண்டு குழுவுக்கும் இடையில குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அப்போ என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க.
12வது வாரத்துக்கும் 26வது வாரத்துக்கும் நடுவுல மூணு மாசம் இருக்கு. கொத்தனாருக்கு அது மூணு மாசக் கூலி. தறி ஓட்டறவங்களுக்கு மூணு மாச வட்டி. தனியா வாழற அம்மாவுக்கு, குடம் தூக்க அடுத்த வீட்டு வாசல்ல நிக்காத மூணு மாசம். இதைக் கொடுக்கற வைத்தியத்துக்கு செலவு எவ்ளோ? ஒரு ரப்பர் பந்து.

16/
இப்போ அந்தப் பக்கம் திரும்பறேன். ஜிம் தம்பிகளே, இவ்ளோ நேரம் ரசிச்சு லைக் போட்டுட்டு இருந்தீங்கல்ல? இனி உங்களுக்கு.
கட்டைப் போட்டுக்கிட்டு புல் அப்ஸ் எடுக்கற வீடியோ. "வலியில்லாம வளர்ச்சியில்லை" தலைப்பு. மாவுக்கட்டைத் தானே கத்தரியால வெட்டிட்டு கிரேப் பேண்டேஜ் சுத்திக்கிட்டு பெஞ்ச் பிரஸ். "டிரெய்னர் அண்ணன் ஒண்ணும் ஆகாதுன்னாரு."
எலும்பு உங்க வீடியோவைப் பார்த்து பயந்து சீக்கிரம் கூடிடாது தம்பி.

17/
கூடுற எலும்புல முதல்ல உருவாகறது மெத்துன்னு ஒரு பாலம். அது கெட்டிப்பட வாரங்கள் ஆகும். அந்த நேரத்துல அதுமேல பாரம் ஏத்தினா விலகும். கோணலா கூடும், இல்லைன்னா கூடவே கூடாது.
குறிப்பா, கட்டைவிரலை விரிச்சா அடியில ஒரு குழி தெரியும் பாருங்க. விழுந்தப்புறம் அந்தக் குழியை அழுத்தினா வலிக்குதா? அங்க ஸ்கேபாய்டுன்னு ஒரு குட்டி எலும்பு இருக்கு. முதல் நாள் எக்ஸ்ரேல அதோட விரிசல் தெரியாமப் போகலாம். 10 முதல் 14 நாள் கழிச்சு மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்றது அதுக்குத்தான். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, கூட 8 முதல் 12 வாரம்கூட ஆகும். "சுளுக்குதான்"னு நினைச்சு அதோட டம்பெல் தூக்கினவங்க, பின்னாடி ஸ்க்ரூ போட ஆபரேஷன் தியேட்டருக்கு வர்றாங்க.

18/
அறுந்த தசைநாணைத் தச்சிருந்தா இன்னும் கண்டிப்பு. கண்ணாடி கிழிச்சு, அரிவாள் பட்டு, மெஷின்ல மாட்டி வர்ற காயங்கள். தச்ச நாண் முதல் சில வாரங்கள்ல நூல் பலத்துலதான் நிக்குது. அந்தக் கையால பாரம் தூக்க பொதுவா 10 முதல் 12 வாரம் ஆகும். இடையில எந்த விரலை எவ்ளோ அசைக்கணும்ங்கறதை உங்க சர்ஜனும் பிசியோதெரபிஸ்டும்தான் சொல்லணும். நானோ யூடியூபோ இல்லை.

19/
ஆக, கட்டு போட்ட கை, காயம் பட்ட இடம்: டாக்டர் சொல்ற வரைக்கும் பாரம் ஏத்தக் கூடாது. மீதி உடம்பு: பயிற்சியை நிறுத்தக் கூடாது. ரெண்டையும் ஒண்ணா சேர்த்துக் குழப்பிக்கறதுதான் பிரச்சினையே. படுத்துக்கறவங்க மீதி உடம்பையும் கட்டுக்குள்ள வெக்கறாங்க. ஜிம் தம்பிகள் கட்டுக்குள்ள இருக்கறதையும் மீதி உடம்பாட்டம் நடத்தறாங்க.

20/
இப்போ செய்முறை. சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.
முதல் 2, 3 நாள்: கையை நெஞ்சு உயரத்துக்கு மேல தலையணை வெச்சு தூக்கி வைங்க. வீக்கம் வடியணும். கட்டுக்கு வெளிய தெரியற விரல்களை மெதுவா அசைங்க. வீட்டுக்குள்ள நடங்க. இப்போதைக்கு அவ்ளோ போதும்.

21/
வலியும் வீக்கமும் அடங்கினதும், கட்டு போட்ட கைக்கு:
* விரல்களை முழுசா விரி, முழுசா மடக்கு. விழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 தடவை.
* கட்டைவிரலால மத்த நாலு விரல் நுனியையும் தொடுங்க.
* முழங்கைக்குக் கீழ மட்டும் கட்டுன்னா, முழங்கையை மடக்கி நீட்டுங்க.
* கையை தலைக்கு மேல தூக்கி இறக்குங்க. காலை, மதியம், இரவு 10 தடவை.
விரலுக்கே கட்டோ, கம்பியோ, தையலோ இருந்தா இந்தப் பட்டியல் உங்களுக்கு இல்லை. கேட்டுட்டு செய்யுங்க.

22/
காலுக்கும் இடுப்புக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள்:
* சுவத்தை ஒட்டி போட்ட நாற்காலி. நல்ல கையைக்கூட ஊன்றாம எழுந்து உக்காருங்க. 10 தடவை, 3 சுற்று.
* நல்ல கையால சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்க. 15 தடவை, 3 சுற்று.
* மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குங்க. 10 தடவை, 3 சுற்று.
* சுவத்தைத் தொட்டுக்கிட்டு ஒத்தைக் கால்ல 10 விநாடி நில்லுங்க. ரெண்டு காலுக்கும். வயசானவங்களா இருந்தா பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்.
தினமும் நடை. வெறுங்கால்லயோ நல்ல பிடிப்புள்ள செருப்புலயோ. வழுக்கற ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்க.

23/
நல்ல கைக்கு:
* ரப்பர் பந்து, இல்லைன்னா சுருட்டின துண்டு. முடிஞ்ச அளவு இறுக்கி 3 விநாடி பிடிச்சு விடுங்க. 8 முதல் 10 தடவை, 3 சுற்று, வாரம் 3 நாள்.
* 1 லிட்டர் தண்ணி பாட்டில் 1 கிலோ. அதைப் பிடிச்சு முழங்கையை மடக்குங்க, தலைக்கு மேல தூக்குங்க.
ஒரு விதி முக்கியம். கடைசி ரெண்டு தடவை "அப்பாடா"ன்னு இருக்கணும். இருபது தடவை அலட்டாம முடிக்க முடிஞ்சா பாரம் பத்தலை. மறு கைக்குப் பலன் போகணும்னா இந்தக் கை நிஜமாவே உழைக்கணும். மூச்சை அடக்காதீங்க, ரத்த அழுத்தம் ஏறும்.

24/
ஜிம் போறவங்களுக்கு: லெக் பிரஸ், லெக் கர்ல், லெக் எக்ஸ்டென்ஷன், உக்காந்து செய்யற மெஷின்ல ஒத்தைக் கை ரோ, ஒத்தைக் கை பிரஸ். போதும்.
பார்பெல் வேணாம். தப்பினா பிடிக்க ரெண்டு கை இல்லை. டிரெட்மில்ல ஓட்டம் வேணாம், விழுந்தா ஊன்ற கை இல்லை. கட்டு வியர்வையில ஊறாம பாத்துக்கோங்க. அரிச்சா உள்ள ஸ்கேல், பென்சில், குச்சி விடாதீங்க. தோல் கிழிஞ்சு சீழ் பிடிச்சு வர்றாங்க.
"ஒரு பக்கக் கை பெருசாயிடாதா?" ஆறு வாரத்துல அப்படி எல்லாம் பெருசாகறதா இருந்தா எல்லா பசங்களும் ஆணழகன் ஆகியிருப்பாங்க.

25/
"பயிற்சிக்கு சத்து போயிட்டா எலும்பு எப்படி கூடும்?"ன்னு பெரியவங்க கேப்பாங்க. பதில் தட்டுலதான் இருக்கு. சாப்பாட்டைக் கூட்டுங்க.
நல்லா இருக்கற ஒருத்தருக்கே உடல் எடையில கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேணும்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். காயம் ஆறும்போது தேவை அதைவிடக் கூடுதல். ஒரு முட்டையில சுமார் 6 கிராம். ரசம் சாதம், கஞ்சி, பன்னுன்னு "பத்தியச் சாப்பாடு" கொடுத்தா எங்கிருந்து வரும்? முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், பால், தயிர் கொடுங்க.
ஆட்டுக்கால் சூப் ருசிக்குக் குடிங்க. அதுல நீங்க நினைக்கற அளவு கால்சியம் இல்லை. பீடி, சிகரெட்டை நிறுத்துங்க, எலும்பு கூடறதை அது தாமதப்படுத்தும்.

26/
சர்க்கரை நோயாளிகள் தனியா கவனிங்க. சாப்பாட்டுல இருந்து வர்ற சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சறது தசைதான். ஆறு வாரம் படுத்தா சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினா காயம் ஆறாது. காயம் ஆறலைன்னு இன்னும் படுப்பீங்க. இந்த வளையத்தை உடைக்கற இடம் அந்த நாற்காலிப் பயிற்சிதான்.

27/
இதெல்லாம் உடனே ஆரம்பிக்கக் கூடாதவங்க: தலை, நெஞ்சு, வயித்துலயும் அடிபட்டவங்க, காயத்துல சீழோ காய்ச்சலோ இருக்கறவங்க, ரத்த நாளமோ நரம்போ தச்சிருக்கறவங்க, நெஞ்சு வலி இருக்கறவங்க, ரத்த அழுத்தம் கட்டுக்குள்ள இல்லாதவங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க.
பயிற்சி பண்ணும்போது உடைஞ்ச இடத்துல புதுசா வலி வந்தா அன்னிக்கு நிறுத்துங்க.

28/
இது உயிர் போற விஷயம், தடிமனா எழுதினதா நினைச்சுக்கோங்க.
கட்டு போட்டப்புறம் வலி நேரத்துக்கு நேரம் கூடுதா? விரல் வெளுத்தோ நீலமாவோ இருக்கா? மரத்துப் போச்சா? வேற யாராவது விரலை நீட்டிவிட்டா உயிர் போற மாதிரி வலிக்குதா? அப்போ விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் அவசர சிகிச்சைக்கு வாங்க.
கட்டு இறுகி தசைக்கு ரத்தம் போகாம செத்துப் போகும். கை கொக்கி மாதிரி மடங்கி நிரந்தரமா நின்னுடும். ஜெர்மன் மருத்துவர் வோல்க்மன் 1881ல இதை விவரிச்சிட்டார். மூங்கில் பத்தையும் துணியும் வெச்சு இறுக்கிக் கட்டற நாட்டுக்கட்டால இன்னிக்கும் குழந்தைங்க கை இப்படிப் போகுது. மாவுக்கட்டா இருந்தாலும் வீக்கம் ஏறினா இதே ஆபத்துதான்.

29/
கட்டு பிரிச்சப்புறம் அவசரம் வேணாம். முதல்ல அசைவு. வெதுவெதுப்பான தண்ணியில கையை வெச்சு மடக்கி நீட்டுங்க. அப்புறம் பிடி: ஸ்பான்ஜ், சப்பாத்தி மாவு. அப்புறம்தான் பாரம்: அரை லிட்டர் பாட்டில்ல ஆரம்பிச்சு. மணிக்கட்டு முறிவுக்குப் பெரும்பாலும் 8 வாரம் வாக்குல லேசான பாரம், 12 வாரம் வாக்குல வழக்கமான வேலை. எக்ஸ்ரே பார்த்துட்டு உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை.
50 வயசுக்கு மேல, லேசா விழுந்து உடைஞ்சிருந்தா எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி பத்தி அப்போவே கேளுங்க.

30/
"இதெல்லாம் பணக்காரங்க வைத்தியம் டாக்டர், நமக்கு யாரு பிசியோதெரபி கொடுப்பா?"
எல்லா அரசு மருத்துவமனையிலயும் போதுமான பிசியோதெரபிஸ்ட் வேணும். அது சலுகை இல்லை, உரிமை. அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும். அதே நேரம் இருக்கறதைப் பயன்படுத்துங்க. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, நடமாட முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கற ஏற்பாடு இருக்கு. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. அரசு மருத்துவமனையில கட்டு போட்டா, கிளம்பறதுக்கு முன்னாடி "பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்க"ன்னு வாய்விட்டுக் கேளுங்க.

31/
கடைசியா ஒரு எண். இந்தியா உட்பட 17 நாடுகள்ல, ஏறக்குறைய 1.4 லட்சம் பேரோட கைப்பிடி பலத்தை அளந்து, அவங்களைச் சில வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2015ல லான்செட் இதழ்ல வெளியிட்டாங்க. பிடி பலம் 5 கிலோ குறையக் குறைய, இறக்கற அபாயம் 16 சதவீதம் கூடுதலா இருந்தது.
பந்தை இறுக்கினா ஆயுசு கூடும்னு இதுக்கு அர்த்தம் இல்லை. பிடி பலம்ங்கறது மொத்த உடம்போட பலத்துக்கு ஒரு அளவுகோல். அந்த மொத்த பலத்தைத்தான் நாம "ரெஸ்ட்"ங்கற பேர்ல ஆறு வாரத்துல கரைக்கறோம்.

32/
அதனால, இன்னிக்கே செய்ய வேண்டியது ரெண்டு.
வீட்டுல கட்டோட படுத்திருக்கறவங்களை எழுப்பி நாற்காலியில உக்கார வைங்க. "கை ஊன்றாம எழுந்திரிம்மா, நான் பக்கத்துல நிக்கறேன்"னு சொல்லுங்க. இன்னிக்கு அஞ்சு தடவை போதும்.
அடுத்த தடவை டாக்டர் "ரெஸ்ட்"னு எழுதினா, "எதுக்கு ரெஸ்ட், எதுக்கு வேலை? பிரிச்சு சொல்லுங்க டாக்டர்"னு கேளுங்க. கோவிச்சுக்கிட்டா பரவாயில்லை. கேளுங்க.
கட்டோட இருக்கற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் போடறேன்.